அசெலாவும் ஃபூஷிங்கும்: இரண்டு ரயில் சேவைகளின் மதிப்புரை

அமெரிக்காவின் பால்டிமோர் நிலையத்தை விட்டு வாஷிங்டனை நோக்கிப் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே அசெலா விரைவு வண்டி ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைந்தது. கைபேசியில் வேகம் காட்டும் செயலியைத் திறந்து வைத்திருந்தேன். நியூஜெர்சியில் மணிக்கு 240 கிலோமீட்டரைத் தாண்டிக் காட்டிய அது, சுரங்கத்தின் வாயில் 40-ஐ ஒட்டி இறங்கி, உள்ளே போனதும் கைவிரித்துவிட்டது. செங்கல் சுவர் சன்னலுக்கு மிக அருகில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பழுது எதுவும் இல்லை. வண்டி குறித்த நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்த நிதானம் கால அட்டவணையிலேயே சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. ஏனென்றால் அந்தச் சுரங்கம் திறக்கப்பட்ட ஆண்டு 1873. அதன் வளைவுகளில் மணிக்கு சுமார் 48 கிலோமீட்டருக்கு மேல் போக அனுமதி இல்லை.

1873-இல் சீனாவில் பயணிகளை ஏற்றிச் செல்லும் ரயில் ஒன்றுகூட ஓடவில்லை. ஷாங்காய்க்கு அருகே ஊசுங் வரை ஆங்கிலேய வணிகர்கள் போட்ட முதல் சிறு பாதை 1876-இல்தான் திறக்கப்பட்டது. மறு ஆண்டே அன்று சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு அதை விலைகொடுத்து வாங்கிப் பெயர்த்து எடுத்துவிட்டது. அதே சீனாவில், பால்டிமோர் பயணத்துக்குச் சில மாதங்கள் கழித்து, பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய்க்கு ஃபூஷிங் என்ற அதிவேக வண்டியில் நாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். தூரம் 1,318 கிலோமீட்டர்.

அலுவல் காரணமாக இந்த இரண்டு சேவைகளையும் அடுத்தடுத்துப் பயன்படுத்த நேர்ந்ததால் இரண்டையும் சேர்த்தே மதிப்பிடுகிறேன். இருக்கை எப்படி, சாப்பாடு எப்படி என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இந்த வழித்தடங்களில் பயணிக்கும் எவருக்கும், அமெரிக்கா பின்தங்கிவிட்டதா என்ற கேள்வி பயணச்சீட்டோடு சேர்த்தே கையில் கொடுக்கப்படுகிறது. அதைத் தவிர்த்துவிட்டு மெத்தையின் மென்மையைப் பற்றி மட்டும் எழுதுவது நேர்மையாக இருக்காது.

முதலில் அசெலா. அமெரிக்காவின் பயணி ரயில்களை நடத்தும் ஆம்ட்ராக் நிறுவனம் பாஸ்டன், நியூயார்க், வாஷிங்டன் ஆகிய நகரங்களை இணைத்து 2000-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நடத்திவரும் விரைவு வண்டி இது. 2025 ஆகஸ்ட் இறுதியில் புதிய தலைமுறை வண்டிகள் ஓடத் தொடங்கின. அவற்றை வடிவமைத்தது பிரான்சின் ஆல்ஸ்டம் நிறுவனம். செய்தது நியூயார்க் மாநிலத்தின் ஹார்னெல் என்ற சிற்றூரில். மொத்தம் 28 வண்டிகளுக்கு 2016-இல் ஒப்பந்தம் போடப்பட்டது. 2021-இல் ஓடியிருக்க வேண்டியவை நான்கு ஆண்டுகள் பிந்தி வந்தன. உச்ச வேகம் மணிக்கு 257 கிலோமீட்டர், இருக்கைகள் 386.

நான் ஏறியது நியூயார்க்கில், பழைய தலைமை அஞ்சலகக் கட்டடத்துக்குள் 2021-இல் திறக்கப்பட்ட மொய்னிஹன் மண்டபத்தில். கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் கொட்டுகிற அழகான இடம். பரிசோதனை வரிசை என்று ஒன்று கிடையாது. கைபேசியில் சீட்டை வைத்துக்கொண்டு நேரே நடைமேடைக்கு இறங்கிவிடலாம். விமான நிலையங்களில் செருப்பையும் இடுப்புவாரையும் கழற்றிப் பழகியவர்களுக்கு இதுவே ஒரு பெரிய மரியாதை. வண்டியின் உள்ளே ஒரு வரிசைக்கு இரண்டும் இரண்டுமாக நான்கு இருக்கைகள். கால் நீட்ட இடம் தாராளம். இருக்கை பின்னால் சாய்வதற்குப் பதிலாக முன்னோக்கி நகர்ந்து சாய்வதால் பின்னால் இருப்பவரின் மடியில் தலை வைக்கும் சங்கடம் இல்லை. பயணச்சீட்டுப் பரிசோதகர், என்னோடு பயணித்த ஒரு முதியவரின் பெட்டியைத் தானே தூக்கி மேலே வைத்தார். வண்டியையும் பணியாளர்களையும் மட்டும் வைத்து மதிப்பெண் போடச் சொன்னால் தயங்காமல் பத்துக்கு எட்டு கொடுப்பேன்.

கட்டணம் தேவைக்கேற்ப ஏறி இறங்கும். நான் கொடுத்தது 150 டாலருக்குச் சற்றுக் கூடுதல். இதைச் சொன்னவுடன் நம்மவர்கள் விமானத்தில் போயிருக்கலாமே என்பார்கள். ஆனால் நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையே விமான நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து ஏற்றுவதைவிட அதிகமான பயணிகளை ஆம்ட்ராக் தனியே ஏற்றுகிறது. நகரின் நடுவிலிருந்து நகரின் நடுவுக்குப் போகும் வசதிக்காகவே மக்கள் இந்த விலையைக் கொடுக்கிறார்கள். ஆக, இங்கே ரயிலுக்கு ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நியூபிரன்ஸ்விக்குக்கும் ட்ரென்டனுக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்துக்குத் தடம் அம்புபோல நேராக ஓடுகிறது. வண்டி தன் முழு வீரத்தையும் காட்டுவது அங்கேதான். ஆனால் அந்த வேகத்தில் அவ்வளவு தூரமும் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோகிறது. ட்ரென்டனைக் கடந்து டெலவேர் ஆற்றைத் தாண்டும்போது வலப்பக்கத்தில் ஓர் இரும்புப் பாலம் தெரிகிறது. அதன்மேல் ஆளுயரத்தை மிஞ்சும் எழுத்துகளில் ஒரு வாசகம்: ட்ரென்டன் ஆக்குகிறது, உலகம் வாங்கிக்கொள்கிறது. அந்த முழக்கம் பிறந்த காலத்தில் அதில் மிகை இல்லை. சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைத் தாங்கும் எஃகு வடங்களைத் தந்தது இந்த ஊரின் ரோப்ளிங் நிறுவனம். இன்று அந்த ஆலைகள் இல்லை. எழுத்துகள் மட்டும் இரவில் ஒளிர்கின்றன. நான் உட்கார்ந்திருந்த வண்டியின் வடிவமைப்போ பிரெஞ்சுக்காரர்களுடையது. ஒரு நாட்டின் நிலைமையை இவ்வளவு பெரிய எழுத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வைப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இனி நேரக்கணக்குக்கு வருவோம். நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் சுமார் 362 கிலோமீட்டர். அசெலா எடுத்துக்கொள்வது 3 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சராசரி வேகம் மணிக்கு 125 கிலோமீட்டரை ஒட்டி வரும். புதிய வண்டி வந்த பிறகும் ஓட்ட நேரத்தில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் இல்லை. 1969 ஜனவரியில் இதே தடத்தில் மெட்ரோலைனர் என்ற வண்டி ஓடத் தொடங்கியபோதும் அதன் நேரம் 3 மணிக்குள்தான் இருந்தது. ஜப்பான் 1964 அக்டோபரில் தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலை ஓட்டிக் காட்டியதும், அமெரிக்கா வாளாவிருக்கவில்லை. மறு ஆண்டே அதிபர் லிண்டன் ஜான்சன் அதிவேகத் தரைப்போக்குவரத்துச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பிலடெல்பியாவின் பட் நிறுவனம் வண்டிகளைச் செய்து கொடுத்தது. நான்கே ஆண்டுகளில் மெட்ரோலைனர் ஓடியது. அப்போது விழித்துக்கொண்ட வேகம் மெச்சத்தக்கது. ஆனால் அன்று தொட்ட அந்த 3 மணி நேரத்திலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகியும் பெரிதாக எதையும் குறைக்க முடியவில்லை. பின்தங்குவது என்பதற்கு நான் கண்ட மிகத் துல்லியமான அளவுகோல் இதுதான். இதில் போட்டியாளர் என்று இன்னொரு நாட்டைக் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை; அமெரிக்கா தன் பழைய கால அட்டவணையோடுதான் தோற்றுக்கொண்டிருக்கிறது.

காரணம் வண்டியில் இல்லை, தடத்தில் இருக்கிறது. நியூயார்க்குக்குத் தெற்கே மேல்நிலை மின்கம்பிகளில் பெரும்பகுதி 1930-களில் பென்சில்வேனியா ரயில்ரோடு நிறுவனம் போட்ட ஏற்பாடு. ஹட்சன் ஆற்றின் அடியே நியூஜெர்சிக்குப் போகும் இரண்டு சுரங்கங்களும் 1910-இல் திறக்கப்பட்டவை. 2012-இல் சாண்டி புயலின்போது அவற்றுக்குள் கடல்நீர் புகுந்தது. அந்த உப்பு காங்கிரீட்டையும் மின்வடங்களையும் இன்றும் தின்றுகொண்டிருக்கிறது. புயலுக்கு முன்பே புதிய சுரங்கம் தோண்டும் வேலை தொடங்கப்பட்டிருந்தது. செலவு கைமீறும் என்று சொல்லி 2010 அக்டோபரில் நியூஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அதை நிறுத்தினார். நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்று அதன் வழியாகப் புறநகர் வண்டிகளாவது போய்க்கொண்டிருக்கலாம். இன்று கேட்வே என்ற பெயரில் அதே போன்ற வேலை கூடுதல் செலவில் மறுபடியும் நடக்கிறது.

எல்லாப் பழியையும் அரசியல்வாதிகள் தலையில் போடுவதும் தவறு. கனெக்டிகட், ரோட் ஐலண்ட் கரையோரத்தில் தடம் பாம்புபோல வளைந்து வளைந்து போவதால் வேகம் எடுக்க முடிவதில்லை. அந்த வளைவுகளைத் தவிர்த்து ஒரு நேர்வழி போட மத்திய ரயில் நிர்வாகம் திட்டமிட்டது. பழமையான ஓல்டு லைம் போன்ற ஊர்களின் மக்கள் தங்கள் ஊர் குலைந்துபோகும் என்று எதிர்த்தார்கள்; 2017-இல் அந்தப் பகுதி திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அந்த ஊர்க்காரன் நானாக இருந்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். வண்டியில் உட்கார்ந்திருப்பவனாகத்தான் எரிச்சல் வருகிறது. இந்த இரண்டு உணர்வும் ஒரே ஆளுக்குள் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளாமல் இந்தச் சேவையை மதிப்பிட முடியாது.

பெய்ஜிங் தெற்கு நிலையத்துக்கு வருவோம். நிலையம் என்று சொல்வதைவிட கூரை போட்ட மைதானம் என்று சொல்லலாம். பயணச்சீட்டு வாங்குவதில் ஒரு சிறு சிக்கல் ஏற்பட்டது. நான் நாடிய ஒரு தனியார் முன்பதிவுத் தளம் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் நகர மறுத்தது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயரே இல்லாத தமிழனின் கதை அவர்களுக்குப் புரியவில்லை. அப்பா பெயரை அங்கே போட, கடவுச்சீட்டோடு பொருந்தவில்லை என்று பதில் வந்தது. கடைசியில் நிலையத்தின் சாளரத்தில் வரிசையில் நின்று வாங்கினேன். இரண்டாம் வகுப்புக்கு 600 யுவானை ஒட்டிய கட்டணம். டாலரில் பார்த்தால் அசெலாவுக்குக் கொடுத்ததைவிட வெகுவாகக் குறைவு. தூரமோ மூன்றரை மடங்குக்கும் அதிகம். காகிதச் சீட்டு கிடையாது. கடவுச்சீட்டைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும். பைகள் ஊடுகதிர்க் கருவியில் போக, உடலையும் தடவிப் பார்த்தே அனுப்புகிறார்கள். மொய்னிஹன் மண்டபத்தின் சுதந்திரம் இங்கே இல்லை. எந்த ஆள், எந்த வண்டியில், எந்த இருக்கையில் போகிறார் என்பது அரசுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

வண்டியின் பெயர் ஃபூஷிங். மறுமலர்ச்சி என்று பொருள். அதற்கு முந்தைய தலைமுறை வண்டிக்கு நல்லிணக்கம் என்று பொருள்படும் பெயர். அசெலா என்பதோ வேகத்தையும் மேன்மையையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்து உருவாக்கிய விளம்பரப் பெயர். இரண்டு நாடுகளும் தங்கள் வண்டிக்குப் பெயர் வைப்பதிலேயே தங்களைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. மிக நீளமான ஃபூஷிங் வண்டியில் 1,200 பேருக்கு மேல் உட்காரலாம். இரண்டாம் வகுப்பில் ஒரு வரிசைக்கு ஐந்து இருக்கைகள். நடு இருக்கை கிடைத்தால் தோள்கள் உரசும். இருக்கையின் வசதியில் அசெலா ஒரு படி மேல். பெட்டியின் ஓரத்தில் கொதிநீர்க் குழாய் இருக்கிறது. ஆளாளுக்குக் குவளை நூடுல்ஸ் கொண்டுவந்து அதில் பிடித்துக்கொள்கிறார்கள். சிறிது நேரத்தில் பெட்டி முழுவதும் மசாலா மணம். இருக்கைக் கையில் ஒட்டியிருக்கும் குறியீட்டைக் கைபேசியில் படம் பிடித்தால், வழியில் வரும் நிலையத்தின் உணவகத்திலிருந்து சாப்பாடு வரவழைக்கலாம். எனக்குப் பக்கத்தில் இருந்த மாணவிக்கு நான்ஜிங்கில் ஒரு பொட்டலம் வந்தது. வண்டி அங்கே நின்ற நேரம் இரண்டு நிமிடம்தான். அதற்குள் பெட்டி எண், இருக்கை எண் தவறாமல் கைமாறியது.

ஒரு யுவான் நாணயத்தைச் சன்னல் விளிம்பில் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தேன். இணையத்தில் பலரும் செய்து காட்டிய பழைய வித்தை, சின்னப்பிள்ளைத்தனம்தான். முன்சுவரில் ஓடும் எழுத்துப் பலகை மணிக்கு 348 கிலோமீட்டர் என்று காட்டிக்கொண்டிருந்தபோது நாணயம் நின்றது. எதிரே வந்த வண்டி காற்றை அறைந்துகொண்டு கடந்தபோதும் நின்றது. நான் அலுத்துப்போய் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இதன் ரகசியம் வண்டியைவிடத் தடத்தில்தான் அதிகம். ஜல்லிக்குப் பதிலாகக் காங்கிரீட் பலகைகளின் மேல் தண்டவாளத்தைப் பதித்திருக்கிறார்கள். வழித்தடத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் உயர்த்திக் கட்டிய பாலங்களின் மேல் போகிறது. நான்ஜிங்கைத் தாண்டியதும் வரும் டான்யாங்–குன்ஷான் பாலம் ஒன்றே 164 கிலோமீட்டருக்கு மேல் நீளம். உலகின் மிக நீண்ட பாலம் என்று பெயர் பெற்றது. வயல்களையும் வாய்க்கால்களையும் பார்த்தபடி ஏறக்குறைய அரை மணி நேரம் ஒரே பாலத்தின் மேல் ஓடியிருக்கிறோம் என்பது, அதைக் கடந்த பிறகு வரைபடத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

இந்தத் தடத்தின் கட்டுமானம் 2008 ஏப்ரலில் தொடங்கி 2011 ஜூன் 30 அன்று முடிந்து வண்டி ஓடியது. அதே 2008-ஆம் ஆண்டு நவம்பரில் கலிபோர்னியா மக்கள் சான்பிரான்சிஸ்கோவையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் இணைக்கும் அதிவேக ரயிலுக்காகப் பொதுவாக்கெடுப்பில் ஏறக்குறைய 1,000 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கு ஒப்புதல் தந்தார்கள். அன்றைய மதிப்பீடு சுமார் 3,300 கோடி டாலர். 2020-இல் வண்டி ஓடும் என்றார்கள். மதிப்பீடு இப்போது 10,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. மத்தியப் பள்ளத்தாக்கில் தூண்கள் நிற்கின்றன. பயணி ஒருவர்கூட இன்னும் ஏறவில்லை. 2025-இல் மத்திய அரசு தன் பங்கில் 400 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்த இரண்டு தடங்களும் ஒரே ஆண்டில் பிறந்தவை என்பதை நினைத்தால், சீனச் சேவையை மதிப்பிடும் கை தானாகவே தாராளமாகிவிடுகிறது.

ஆனால் தாராளம் அளவோடு இருக்க வேண்டும். பெய்ஜிங்–ஷாங்காய் தடம் திறந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 2011 ஜூலை 23 அன்று வென்சோவுக்கு அருகே இன்னொரு தடத்தில் இரண்டு விரைவு வண்டிகள் மோதின. 40 பேர் இறந்தார்கள். நொறுங்கிய பெட்டியை அந்த இடத்திலேயே குழி தோண்டிப் புதைக்க முயன்றதைக் கண்டு சீன மக்களே கொதித்தெழுந்தார்கள். சமிக்ஞைக் கருவியின் வடிவமைப்புக் குறையும் நிர்வாகத்தின் அலட்சியமுமே காரணம் என்று அரசின் விசாரணையே ஒப்புக்கொண்டது. இந்தப் பாதைகளையெல்லாம் முடுக்கிவிட்ட ரயில் அமைச்சர் லியு ஜிஜுன் அதே ஆண்டு பிப்ரவரியில் பதவி பறிக்கப்பட்டு, பின்னர் 2013-இல் ஊழலுக்காக ஒத்திவைக்கப்பட்ட மரண தண்டனை பெற்றார். அந்த ஆண்டில் வேகத்தை 300-ஆகக் கட்டுப்படுத்தியவர்கள், பெய்ஜிங்–ஷாங்காய் தடத்தில் 2017 செப்டம்பரில்தான் அதை 350-க்கு உயர்த்தினார்கள். கடனும் சாமானியமானதல்ல, சீன ரயில் நிறுவனத்தின் சுமை 6 லட்சம் கோடி யுவானைத் தாண்டியது. பெய்ஜிங்–ஷாங்காய் தடம் நல்ல லாபம் ஈட்டுகிறது. மேற்கே பாலைவனங்களை நோக்கிப் போகும் தடங்களில் அந்தக் கூட்டம் இல்லை. 2024 இறுதியில் 48,000 கிலோமீட்டரை எட்டிய இந்த வலையை, மக்கள்தொகை சுருங்கத் தொடங்கிவிட்ட ஒரு நாடு இனி வரும் ஆண்டுகளில் பராமரித்தாக வேண்டும். ஓல்டு லைம் ஊர்க்காரர்களைப் போல வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு, அந்தப் பாலத்துக்கு அடியே வயல் வைத்திருந்தவர்களுக்கு எந்த அளவுக்கு இருந்தது என்பதையும் விலைப்பட்டியலில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆக, அமெரிக்கா பின்தங்கிவிட்டதா? ரயில் பயணி என்ற முறையில் என் பதில் ஆம். அதில் ஐயத்துக்கு இடமே இல்லை. வல்லரசு என்ற கணக்கில் மட்டும் நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன். காரணம் ஜப்பான். அதிவேக ரயிலில் அமெரிக்காவை ஜப்பான் முந்திச் சென்றது 1964-இல். 1980-களில் அமெரிக்கப் பத்திரிகைகள் ஜப்பான் எல்லாவற்றிலும் முந்திவிடும் என்று எழுதித் தள்ளின. 1990-களில் ஜப்பானின் நிலமும் பங்குச் சந்தையும் சரிந்தன. அமெரிக்கா இணையத்தை வைத்துக்கொண்டு வேறு பாதையில் ஓடியது. ஷின்கான்சென் மட்டும் அன்றும் இன்றும் நொடி பிசகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. உலகின் முதல் வல்லரசாக இருந்துகொண்டே அறுபது ஆண்டுகளாக மோசமான பயணி ரயிலையும் வைத்திருக்க முடியும் என்று அமெரிக்கா காட்டியிருக்கிறது. சரக்கு ரயிலில் அந்த நாடு இன்றும் கெட்டிதான். ஒன்றின்மேல் ஒன்றாகப் பெட்டகங்களை அடுக்கிய சரக்கு வண்டிகள் மைல் கணக்கில் போவதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

ஆனால் இந்த ஜப்பான் ஆறுதலை ஓர் எல்லைக்கு மேல் இழுக்க முடியாது. ஜப்பான் அமெரிக்காவின் பாதுகாப்புக் குடையின் கீழ் இருந்த, மக்கள்தொகையில் அதன் பாதியளவே இருந்த நட்பு நாடு. சீனா இரண்டும் இல்லை. அதோடு, சீனா முதலில் ஓட்டிய வண்டிகள் ஜப்பானின் கவாசாகி, ஜெர்மனியின் சீமென்ஸ் போன்ற நிறுவனங்களிடமிருந்து ஒப்பந்தத்தில் பெற்ற தொழில்நுட்பம். ஃபூஷிங் வரும்போது அது சீனர்களின் சொந்த வடிவமாகிவிட்டது. 2023-இல் ஜகார்த்தாவுக்கும் பாண்டுங்குக்கும் இடையே தொடங்கிய அதிவேக ரயில் ஒப்பந்தத்தை ஜப்பானிடமிருந்து தட்டிப் பறித்ததும் சீனாதான். மணிக்கு 400 கிலோமீட்டரில் ஓடக்கூடிய அடுத்த வண்டியின் மாதிரியை 2024 டிசம்பரில் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். வாங்கினவன் கற்றுக்கொண்டு விற்பவனாக மாறுவதற்கு இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. ட்ரென்டன் பாலத்தின் வாசகத்தை இன்று எந்த ஊரில் எழுதி வைப்பது பொருத்தம் என்று யோசித்தால், ரயில் பெட்டிகள் செய்யும் சிங்தாவும் சாங்சுனும்தான் நினைவுக்கு வருகின்றன.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கண்டுபிடிப்பிலோ பணத்திலோ அமெரிக்காவுக்குப் பஞ்சம் இல்லை. தொடங்கிய பொதுவேலையை முடித்துத் தருவதில்தான் அது பின்தங்கியிருக்கிறது. ஒரு நிறுவனம் தனியாக, தன் வளாகத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய எதுவும் அங்கே இன்றும் விரைவாக நடக்கிறது. பல மாநிலங்கள், பல ஊர்கள், பல நீதிமன்றங்கள், இரண்டு கட்சிகள், நான்கைந்து தேர்தல்கள் என்று கடந்து போக வேண்டிய வேலை எல்லாம் அங்கே தடுமாறுகிறது. ரயில் பாதை அதற்கு மிக நீளமான உதாரணம் மட்டுமே. 2011 ஜனவரியில் அதிபர் ஒபாமா, 25 ஆண்டுகளுக்குள் அமெரிக்கர்களில் 80 விழுக்காட்டினருக்கு அதிவேக ரயில் வசதி கிடைக்க வேண்டும் என்றார். மறு மாதமே புளோரிடா ஆளுநர் தன் மாநிலத்துக்கு ஒதுக்கப்பட்ட 240 கோடி டாலரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். அந்த 25 ஆண்டுகளில் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது.

பயணம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஃபூஷிங்கில் முதல் வகுப்புக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவல்ல. ஐந்து மணி நேரத்துக்குக் குறைவான பயணம்தானே என்று இரண்டாம் வகுப்பின் நடு இருக்கையை எடுத்துவிட்டு நான் வருந்தினேன். நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். பெயர் விஷயத்தில் தகராறு வந்தால் இடைத்தளங்களோடு மல்லுக்கட்டாமல் நேரே நிலையத்தின் சாளரத்துக்குப் போவதே உத்தமம்.

அசெலாவுக்கு முன்கூட்டியே சீட்டு எடுத்தால் கட்டணம் பாதியாகக்கூட இறங்கும். நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் போகும்போது ட்ரென்டன் வரை வலப்பக்கம் உட்காருங்கள். வாசகத்தைப் பார்த்த பிறகு, இடம் காலியாக இருந்தால், இடப்பக்கம் மாறிக்கொள்ளுங்கள். மேரிலாந்தில் சஸ்குவஹானா ஆறு விரிகுடாவில் கலக்கும் இடத்தை வண்டி கடக்கும். 1906-இல் கட்டிய இரட்டைத் தடப் பாலம் என்பதால் அங்கேயும் வண்டி வேகத்தைக் குறைத்துத்தான் போகும். மாலை வெயிலில் நீர்ப்பரப்பையும் படகுகளையும் ஆற அமரப் பார்க்கலாம். அதற்குப் பதிலாகப் புதிய பாலங்கள் கட்டும் வேலை பக்கத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது. அவை முடிந்துவிட்டால் இந்தக் காட்சி சன்னலில் இவ்வளவு நேரம் நிற்காது.